பெரு நாட்டு வீதிகளைப் பற்றி நான் சொன்ன பொய்

மதிப்புக்குரிய ஐயா, அல்லது அம்மணி,

தாங்கள் யாரென்பதை அறியாமலே எழுதுகின்றேன். நான் எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் சென்றவனல்லன். தமிழைப் பழைய சஞ்சிகைகளிலிருந்தும், ஆங்கிலத்தை ஓர் அகராதியிலிருந்தும் பிரயாணிகளின் வாய்களிலிருந்தும் கற்றுக்கொண்டேன். ஆகவே வசனங்களில் குறையிருப்பின் பொறுத்தருள வேண்டும். சம்பவங்களில் குறை இராது. அவற்றை நான் மறக்க முயன்று தோற்றவன்.

யுத்தகால இடப்பெயர்வுக்கு முன்னும் பின்னுமாக இருபத்திரண்டு ஆண்டுகள் யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் இறங்குதுறையில் வேலை செய்தேன். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகும் படகுகளின் நேரத்தைக் கரும்பலகையில் எழுதுவது, ஏறும் ஆட்களை எண்ணுவது, தொலைபேசிக்குப் பதில் சொல்வது ஆகியன என் கடமைகள். சோளகக் காற்று எழும்பும் மாதங்களில் நெடுந்தீவுப் படகு பிந்தும். பிந்தினால் வீட்டார் தொலைபேசியில் கேட்பார்கள்: "போட் வந்திட்டுதோ அண்ணை?" கடலில் ஒரு புள்ளியும் தென்படாத வேளையிலும், "ஓம், கண்ணுக்குத் தெரியுது" என்றே பதில் சொல்வேன். எனக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவர் பழக்கிவிட்டது அது. ஆள் கடலில் இருக்கும்போது அந்த வீட்டுக்குக் கெட்ட சொல் போகக்கூடாது என்பது எங்கள் தீவுகளின் வழக்கம். அக்கரையில் கால் வைத்த பின்னர் எதையும் சொல்லலாம், சிரித்தும் சொல்லலாம். நான் அவ்வாறு சொன்ன ஒவ்வொரு தடவையும் படகு வந்து சேர்ந்தது. ஆதலால் அதைப் பொய்யென்று நான் கருதியதேயில்லை.

எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் ஒரு குடும்பம் இருக்கின்றது. இரத்த உறவு இல்லையெனினும் கணவனைத் தம்பியென்றும் மனைவியைத் தங்கையென்றும் இங்கே எழுதுகின்றேன். நேரிலும் அப்படித்தான் அழைத்து வந்தேன். அவர்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மாரிக்கு நெல்லும், மாரி முடிய மரக்கறியும் செய்கின்ற வீடு. தம்பி ஒரு முகவரை நம்பிக் கனடாவுக்குப் புறப்பட்டான். நாடு நாடாய் ஏற்றி இறக்கப்பட்டு, இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு தைப்பொங்கலுக்கு முந்திய வாரம், பெரு என்னும் தென்னமெரிக்க நாட்டின் தெற்கே, ஒரு பெரிய ஏரிக்கரை நகரத்தில் வந்து நின்றான். கூட்டி வந்த ஆள் அவனை அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் விட்டுவிட்டுப் போனவன்தான், திரும்பி வரவில்லை. தம்பி அந்தக் கடையில் உருளைக்கிழங்கு தோல் சீவத் தொடங்கினான்.

அன்று காலை தங்கை கைத்தொலைபேசியோடு வந்து எங்கள் படலையில் நின்றாள்.

"அண்ணை, பெரு எண்டால் எங்கை கிடக்கு?"

நான் தேசப்படப் புத்தகத்தை எடுத்து விரித்தேன். விரலால் பெருவைக் காட்டி, பின்னர் கனடாவைக் காட்டி, "இது பாதி வழி, தங்கச்சி" என்றேன்.

"பாதி வழி வந்த மனுசன் அப்ப ஏன் நிக்கிறார்?"

 தெரியாதென்று சொல்ல எனக்கு அக்காலத்தில் வராது. "அந்த நாட்டு நிலைமையைப் பாத்துச் சொல்லுறன்" என்றேன். அந்த நாளிலிருந்து ஓராண்டு காலம் நான் பெரு நாட்டுக்குப் பொறுப்பாயிருந்தேன்.

அவர்களுக்கும் எங்களுக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம். எங்கள் விடியலில் அவர்களுக்கு முதல் நாள் பின்னேரம். தம்பி காலை ஆறு மணிக்கு வீட்டுக்குக் கதைப்பான். ஏழு மணிக்குத் தங்கை என்னிடம் வருவாள். அதற்குள் நான் வாசித்து முடித்திருப்பேன். முதலில் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வரும் பத்திரிகையின் வெளிநாட்டுப் பக்கத்தை நம்பியிருந்தேன். அவ்வாண்டில் கடதாசித் தட்டுப்பாட்டினால் பத்திரிகையே மெலிந்துபோயிற்று. பின்னர் கைத்தொலைபேசியில் அந்நாட்டுப் பத்திரிகைகளையே திறந்து, அதிலுள்ள மொழிபெயர்ப்புக் கருவியால் ஸ்பானிய மொழியை ஆங்கிலமாக்கி, ஆங்கிலத்தை அகராதியால் தமிழாக்கி, ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். கொப்பியின் முதற் பக்கத்தில் அந்நாட்டு மந்திரிகளின் பெயர்களைப் பேனையால் எழுதியிருந்தேன். அவர்கள் மாறிய வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் மாசி மாதத்திலேயே பென்சிலுக்கு மாறினேன்.

ஊரில் இது பரவியது. தேநீர்க் கடையில் நான் நுழைந்தால், "தூதுவர் வாறார், கதிரையை விடுங்கோ" என்பார்கள்.

"என்ன தூதுவர், உங்கட நாட்டிலை இண்டைக்கு ஆர் மந்திரி?"

"காலமை கேட்டால் ஒருதர், பின்னேரம் கேட்டால் இன்னொருதர்."

"அப்ப எங்கட நாடுதான். பேந்து ஏன் அவ்வளவு தூரம் போவான்?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தப் பட்டம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே எழுதிவைக்கின்றேன். வாழ்நாள் முழுவதும் படகு நேரம் எழுதிய ஒருவனிடம் ஒரு முழுத் தேசத்தின் விடயத்தை ஊரவர் கேட்டார்கள்.

அந்தப் பங்குனி மாதக் கடைசியில் எங்கள் நாட்டில் பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, அரை நாளுக்கு மின்சாரம் இல்லை. கொழும்பில் சனம் தெருவுக்கு இறங்கியது. நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பித்தார்கள். அதே வாரத்தில் பெரு நாட்டிலும் எரிபொருள் விலையையும் உர விலையையும் எதிர்த்து லொறிக்காரரும் கமக்காரரும் வீதிகளை மறித்தார்கள். தலைநகரில் ஊரடங்கு என்று திடீரென்று அறிவித்துவிட்டு, சனம் அதை மீறி வெளியே வந்ததும் மறுநாள் பின்னேரமே எடுத்துவிட்டார்கள். நான் இதைக் கொப்பியிலிருந்து ஒரு சொல்லும் விடாமல் தங்கைக்கு வாசித்தேன். தலைநகரத்துக்கும் தம்பி இருந்த நகரத்துக்கும் இடையே ஒரு நாளுக்கு மேற்பட்ட பஸ் பயணம் என்பதையும் சொன்னேன். அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"இங்கையும் ஊரடங்கு, அங்கையும் ஊரடங்கு. அப்ப அவர் எங்கை போய் நிக்கிறது அண்ணை?"

அன்றும் மறுநாளும் அவள் சாப்பிடவில்லையென்று பிள்ளைகள் பிறகு சொன்னார்கள். மூன்றாம் நாள் கிணற்றடியில் வாளியோடு விழுந்தாள். முச்சக்கரவண்டி இருந்தது, பெற்றோல் இல்லை. படகுக்காரர் ஒருவரிடம் இரண்டு போத்தல் வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவளுடைய தமக்கை ஊர்காவற்றுறையிலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தார். வாசலில் என்னைக் கண்டதும் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, பிடித்தபடியே பேசினார்.

"ஆள் வழியிலை நிக்கேக்கை வீட்டிலை இதுகளைச் சொல்லுறதே? வேறை ஆரும் சொன்னால் பரவாயில்லை. துறையிலை இருந்த மனுசன், உங்களுக்குத் தெரியாதே?"

எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் வாசித்துக் காட்டினேனே என்ற வெட்கம் என்னைப் பல நாள் வருத்தியது. அதன் பின்னர் கொப்பியில் எழுதுவது ஒன்றாகவும் தங்கைக்குச் சொல்வது வேறொன்றாகவும் ஆயிற்று. கொப்பியில் மறியல் என்று இருந்தால், வாயில் கூட்டம் என்று வரும். கொப்பியில் அவசரகால நிலை என்று இருந்தால், காவல் கூட்டியிருக்கிறார்கள் என்று வரும். தங்கையின் முகம் தெளிந்தது. முன்போல் தோட்டத்துக்குப் போனாள். வாரத்துக்கு ஒரு முறை ஐந்தாறு கத்தரிக்காய் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவாள். நான் நல்லது செய்கிறேன் என்று முழுமனத்தோடு நம்பினேன்.

சிரித்த நாட்களும் இருந்தன. ஒரு நாள் அவள் கேட்டாள்:

"அங்கையும் யூரியா இல்லையாமே?"

"இல்லையாம்."

"அப்ப என்னத்துக்கு இந்த மனுசன் அங்கை போனது? இங்கையே உரமில்லாமல் இருந்திருக்கலாமே."

ஆனி மாதத்தில் உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்குத் தெரிவாகும் கடைசிப் போட்டியில் பெரு நாடு அவுஸ்திரேலியாவிடம் தோற்றது. அன்று தம்பி வேலை செய்த கடையின் முதலாளி அடுப்பை அணைத்துவிட்டு மேசையில் தலையை வைத்து அழுதாராம். மந்திரிசபை எத்தனை தரம் கவிழ்ந்தும் அந்த மனுசன் உப்புப் போடக்கூடத் தவறவில்லை, பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியதற்குக் கடையைப் பூட்டினார் என்று தம்பி சொல்லியிருந்தான். ஆடியில் எங்கள் சனாதிபதி நாட்டைவிட்டுப் போனபோது அங்கே தம்பியைச் சுற்றி நின்று கேட்டார்களாம்.

"உங்கட நாட்டிலை சனம் சனாதிபதியின்ரை வீட்டுக்குள்ளை போய் நீந்துதாமே எண்டு கேட்டவையாம்" என்று தங்கை வந்து சொன்னாள். "இவர் சொன்னவராம், எங்கட ஊரிலை குடிக்கவே நல்ல தண்ணியில்லை, எங்கையாவது நீந்தட்டும் எண்டு."

"எந்தப் பாசையிலை சொன்னவராம்?"

"கையாலைதான்."

தம்பிக்கு அந்த மொழி ஓராண்டாகியும் வரவில்லை. கடை, பின்னறை, கிழங்குச் சாக்கு. அவன் கண்ட பெரு நாடு அவ்வளவுதான். தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்று அவன் மனைவியிடம் கேட்பான். மனைவி என்னிடம் கேட்பாள். ஏரிக்கரையில் நிற்பவனுக்கு எங்கள் ஊரான இறுப்பிட்டியிலிருந்து நான் அவனுடைய தெருவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதிலுள்ள விபரீதம் அப்போது எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை.

கார்த்திகைக் கடைசியில் நடந்ததற்கு வருகின்றேன்.

அந்நாட்டுப் பாராளுமன்றம் சனாதிபதியை நீக்குவதற்கு முன்னர் இரு தடவை முயன்று தோற்றிருந்தது. மூன்றாம் முயற்சிக்கு நாள் குறித்திருந்தார்கள். அதுவும் வாக்கெடுப்போடு அடங்கிவிடும் என்று தேநீர்க் கடையில் நான் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தேன். நடந்தது வேறு. வாக்கெடுப்புக்கு முன்னமே சனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைப்பதாக அறிவித்தார். சில மணித்தியாலங்களில் பாராளுமன்றம் அவரை நீக்கியது. அன்றே அவர் காவலில் வைக்கப்பட, உப சனாதிபதியாயிருந்த பெண்மணி பதவியேற்றார். நான் படுக்கைக்குப் போகும்போது இருந்த சனாதிபதி, காலையில் முகம் கழுவும்போது இல்லை. நாட்டின் தெற்குப் பகுதி கொதித்து எழுந்தது.

அந்த நாட்களில் எங்களுக்கும் புயற்காற்று. படகுகள் ஓடவில்லை; வன்னிப் பக்கம் மாடுகள் குளிரில் விறைத்துச் செத்தன என்றார்கள். அப்படியொரு மழைக் காலையில் தங்கை குடையோடு வந்தாள். தலைநகரில் இருக்கும் வேறொரு முகவர் தம்பியோடு கதைத்திருக்கிறார். வடக்கே போகும் ஒரு குழு ஆயத்தமாம். நான்கு நாட்களுக்குள் தலைநகருக்கு வந்தால் சேர்த்துக்கொள்வாராம். இல்லையென்றால் தை பிறந்தபின் பார்க்கலாமாம்.

"பஸ் எடுக்கலாமோ எண்டு உங்களிட்டைக் கேட்டுச் சொல்லச் சொன்னவர். தெருவிலை சனம் கத்துதாம். என்னத்துக்கெண்டு அவருக்கு விளங்கேல்லையாம்."

அன்று காலை நான் வாசித்திருந்தேன். தெற்கிலிருந்து தலைநகருக்குப் போகும் பெருவீதியைக் கல்லாலும் மரத்தாலும் எரியும் ரயராலும் மறித்திருந்தார்கள். பஸ்கள் வழியில் நின்றன. கொப்பியில் என் கையெழுத்தில், "தெற்கு வீதிகள் மறிப்பு; பிரயாணம் உசிதமன்று" என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தேன். எழுதி ஒரு மணித்தியாலம் இராது.

"இந்த வருசம் முழுக்கக் கத்தினவைதானே. கத்தட்டும்" என்றேன்.

"ரோட்டு?"

"ரோட்டு ஓடும்."

"அப்ப வெளிக்கிடச் சொல்லட்டே?"

"ஓம், சொல்லும்."

ஏன் சொன்னேன்? இதை எத்தனையோ தரம் என்னிடம் கேட்டிருக்கின்றேன். கிணற்றடியில் அவள் விழுந்து கிடந்த காட்சி என் முன் நின்றது உண்மை. அவளுடைய தமக்கையின் வார்த்தை காதில் இருந்தது உண்மை. ஒன்றும் நடவாது என்று ஊரறியச் சொன்ன தூதுவர், ஒரு வாரத்துக்குள் தன் வாயை மாற்ற விரும்பவில்லை என்பதும் உண்மை. இவற்றுள் எது முந்தியது, எது பிந்தியது என்று பிரிக்க என்னால் இயலவில்லை.

எங்கள் வழக்கத்தைச் சாட்டாகச் சொல்லித் தப்பவும் பார்த்தேன். முடியவில்லை. ஆள் கடலில் இருக்கும்போதுதான் வீட்டுக்குக் கெட்ட சொல் சொல்லக்கூடாது. கரையில் நிற்பவனுக்கு உள்ளதைச் சொல்ல வேண்டும். கடல் கெட்ட நாளில், "இன்று படகு ஓடாது" என்று கரும்பலகையில் நானே எழுதி, ஏற வந்த எத்தனையோ பேரின் வசவை வாங்கியிருக்கின்றேன். திருமணத்துக்குப் போகவேண்டியவர்களையும் மறித்திருக்கின்றேன். தம்பி அன்று கரையில் நின்றான். நான் அவனைக் கடலில் நிற்பவனாகப் பாவித்தேன். இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தத் தொழில் பார்த்தவன் விடக்கூடாத பிழை அது.

தம்பி அன்றே பஸ் ஏறினான். மறுநாள் மத்தியானம், மலைக்கு மேலுள்ள வெட்டைவெளியில், கற்கள் குவித்த இடத்தில் பஸ் நின்றது. சாரதி திருப்பிக்கொண்டு போக முயன்றபோது எங்கிருந்தோ வந்த கல் யன்னலில் பட்டது. கண்ணாடி உடைந்து தம்பியின் இடது கண்ணுக்குள் போயிற்று. வீதியை மறித்து நின்றவர்களே அவனைத் தூக்கி ஒரு வீட்டில் கிடத்தினார்கள். ஒரு பெண் இளஞ்சூட்டுத் தண்ணீரால் முகத்தைக் கழுவி, தன் கம்பளியால் போர்த்தாளாம். ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு நாட்கள் வழியில்லை. அதே நாள் வந்திருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்று வைத்தியர் கைச்சாடையால் சொன்னது அவனுக்கு விளங்கிற்று. அந்த மொழியில் அவனுக்கு முழுதாக விளங்கிய செய்தி அது ஒன்றுதான் என்று பின்னொரு நாள் சொன்னான்.

பதினொரு நாட்கள் அவனிடமிருந்து அழைப்பு வரவில்லை. பதினொரு காலையும் தங்கை வந்தாள். "போன் சார்ஜ் இல்லாமல் இருக்கும்", "மலைப்பக்கம் சிக்னல் இராது", "குழுவோடை வெளிக்கிட்டிருப்பார்" என்று நாளுக்கொன்று சொன்னேன். அவள் ஒவ்வொன்றையும் தலையாட்டி வாங்கிக்கொண்டு போனாள். பன்னிரண்டாம் நாள் தம்பியின் அழைப்பு வந்து, அவளுடைய வீட்டிலிருந்து எழுந்த அழுகையைக் கேட்டுத்தான் நான் உண்மையை அறிந்தேன்.

அடுத்த ஆண்டு, புலம்பெயர்ந்தோருக்கு உதவுகின்ற சிலரின் துணையோடு தம்பி ஊர் திரும்பினான். வந்த மறுநாளே வேலியால் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டான்.

"தூதுவர் அண்ணை! உங்கட நாட்டிலை ஒரு கண்ணை வைச்சிட்டு வந்திட்டன். பத்திரமாய்ப் பாக்கச் சொல்லுங்கோ."

நான் சிரித்தேன். வேறென்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தேன். அவர்களுடைய வீட்டுக்குப் போய் இருந்தேன். தங்கை தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினி வாசலில் நின்றாள். கொஞ்ச நேரம் பிரயாணக் கதை சொன்ன தம்பி, இடையில் நிறுத்தி, கோபமில்லாமல் கேட்டான்.

"அண்ணை, அண்டைக்கு இவ உங்களிட்டை வந்து கேட்டவவோ? நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

ஐயா, அம்மணி, அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல ஒரு சொல் போதுமாயிருந்தது. நான் சொன்னது இது:

"செய்தியிலை வந்ததைத்தான் தம்பி நான் எப்பவும் சொல்லுறனான்."

தம்பி கைத்தொலைபேசியை எடுத்தான். அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபோது அவனுக்கு உதவியவர்களில் ஒருவர் அந்த நாளையச் செய்திகளைத் தமிழில் பெயர்த்து அதற்கு அனுப்பியிருந்தார். வீதி மறிப்புச் செய்தி அதில் இருந்தது. அவன் மனைவியைப் பார்த்தான்.

"மறிப்பெண்டு செய்தியிலை கிடந்திருக்கு. அண்ணை சொல்லாமல் விட்டிருப்பாரே? நீ அரைகுறையாய்க் கேட்டுப்போட்டு வந்து ஓமெண்டு சொல்லியிருக்கிறாய்."

தங்கை என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு குசினிக்குள் போய்விட்டாள். நான் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன். குடிக்காமல் எழும்பியிருக்கலாம் என்று இப்போது படுகின்றது.

முதற் பொய்யில் கண் போயிற்று. இரண்டாம் பொய் ஒரு பெண்ணை அவளுடைய வீட்டிலேயே சிறுமைப்படுத்திற்று. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுடைய சொல்லுக்கு மதிப்பில்லாமற் போனது. கைத்தொலைபேசியைத் தம்பி தன்னிடம் வைத்துக்கொண்டான். கடிதம் வந்தால் அவளிடம் கொடுப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டமென்றால், "நீ போய்க் கேட்டு வந்தால் மாறிச் சொல்லுவாய்" என்று தானே போவான். வேலிக்கு அப்பாலிருந்து எனக்கு எல்லாம் கேட்கும். "நீதானே வெளிக்கிடச் சொன்னனீ" என்ற வசனம் மாதத்துக்கு ஒரு முறையாவது வரும். ஊரிலும் அந்தக் கதைதான் நிலைத்தது. பாவம், மனுசி சரியாய்க் கேட்டு வந்திருந்தால் அவனுக்குக் கண் இருந்திருக்கும் என்று தேநீர்க் கடையில் என் முன்னாலேயே சொன்னார்கள். நான் பத்திரிகையை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். தங்கை ஒருவருக்கும் மறுத்துச் சொல்லவில்லை. எங்கள் படலைக்கும் வரவில்லை.

இப்படியே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. பெரு நாட்டைப் பற்றி நான் வாசிப்பதை விட்டுவிட்டேன்.

சென்ற மாதம் ஒரு காலை, மூத்த பெண்பிள்ளை ஏதோ அலுவலாகக் கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் புறப்பட்டாள். தகப்பன் அவளுக்குச் சொன்னது வேலி கடந்து வந்தது. "சொன்னதை ஒழுங்காய்க் கேட்டுக்கொண்டு வா. கொம்மாவைப்போல அரைகுறையாய்க் கேட்டு வந்து ஆளைக் கெடுக்காதை." பிள்ளை சிரித்தாள். தாய் அங்கேயே நின்றிருக்க வேண்டும், ஏனெனில் முற்றம் கூட்டுகின்ற சத்தம் நின்று, மறுபடி தொடங்கிற்று.

பிள்ளையும் அதை நம்பிவிட்டாள் என்பது அந்தச் சிரிப்பில் எனக்குப் புரிந்தது. அன்று பத்து மணிக்கு, தம்பி தோட்டத்துக்குப் போனபின், நான் அந்த வளவுக்குள் போனேன். தங்கை முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கதிரை கொண்டுவர எழும்பினாள். வேண்டாமென்று நின்றபடியே நான் செய்த இரண்டு பொய்களையும் சொல்லி முடித்தேன்.

"எனக்குத் தெரியும் அண்ணை."

"எது தெரியும்?"

"மற்ற நாளிலை கொப்பியை விரிச்சு வைச்சுத்தான் கதைப்பியள். அண்டைக்கு என்னைக் கண்டவுடனை மூடி, மேலை கண்ணாடிக் கூட்டை வைச்சனீங்கள். நான் வீட்டை போய் இவருக்குச் சொன்னாப் பிறகுதான் அது எனக்குப் பட்டது. அப்ப பஸ் வெளிக்கிட்டிட்டுது."

"அப்ப ஏன் தங்கச்சி நீர் தம்பியிட்டைச் சொல்லேல்லை?"

"சொல்லி? நீங்கள் வாசிக்கிற மனுசன். நான் மிளகாய் காயப்போடுறவள். ஆர் சொன்னதை நம்புவினம்?"

அவள் குரலில் கோபம் இல்லை. மிளகாயைக் கிளறிவிட்டபடியே சொன்னாள். இன்று பின்னேரமே தம்பியிடம் வந்து எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றேன். அவள் கையை நிறுத்தினாள்.

"வாயாலை சொல்லாதேங்கோ. இண்டைக்குச் சரி அண்ணை எண்டுவார். நாளைக்கு எங்களுக்குள்ளை ஒரு பிரச்சினை வந்தால் திரும்ப நீதான் எண்டுவார். எழுதித் தாங்கோ. ஒரு பக்கம் காணும். உங்கட வழக்கப்படி நீட்டி முழக்காமல்."

ஒரு பக்கத்தில் எழுதினேன். அதற்கு மூன்று நாட்கள் எடுத்தன. எடுத்துக்கொண்டு போய், தங்கையும் இரு பிள்ளைகளும் இருக்க, தம்பியின் முன் வாசித்தேன். முடிந்ததும் அவன் கேட்டான்.

"மறிப்பெண்டு நீங்களே கொப்பியிலை எழுதினனீங்களோ?"

"ஓம்."

"கொண்டுவாங்கோ."

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் அந்தப் பக்கத்தை வலது கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, விரலை வைத்து வாசித்தான். அடிக்கோட்டில் விரல் நின்றது. பிறகு கொப்பியை மடித்து மூத்த பிள்ளையிடம் கொடுத்தான். "நீயும் வாசி" என்றான். பிள்ளை வாசித்துவிட்டுத் தாயைப் பார்த்தாள்.

தம்பி மனைவியிடம் மன்னிப்பென்ற சொல்லைச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து ஆண்களுக்கு அது வராது. "தேத்தண்ணி ஒண்டு போடன்" என்றான், தரையைப் பார்த்தபடி.

"நீங்கள் போய்ப் போடுங்கோ" என்றாள் தங்கை.

அவன் எழுந்து குசினிக்குள் போனான். வாசலில் நின்று, திரும்பாமலே எனக்குச் சொன்னான்: "அண்ணை, கொஞ்ச நாளைக்கு நீங்கள் இந்தப் பக்கம் வராதேங்கோ." நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அவன் சொன்னதில் நியாயம் உண்டு. எவ்வளவு நாளென்று கேட்க எனக்கு உரிமையில்லை.

மறுநாள் இளைய பிள்ளையிடம் தங்கை சொல்லியனுப்பியிருந்தாள். வீட்டுக்கு ஒரு பக்கம் போதுமாம், ஊருக்குப் போதாதாம். ஊர் இரண்டு ஆண்டுகளாகக் கேட்டது மற்றக் கதையை. ஆகவே வாசிகசாலையிலும் ஒன்று இருக்கவேண்டுமாம். அதில் வேண்டுமானால் நான் நீட்டலாமாம். அதற்காகவே இதை எழுதி வாசிகசாலைக்குக் கொடுக்கின்றேன்.

அவள் பிழையாகக் கேட்கவில்லை. நான் சொன்னதைச் சொன்னபடியே கொண்டுபோய்ச் சேர்த்தாள். எவரேனும் வேறு விதமாகக் கதைப்பதைத் தாங்கள் கேட்க நேர்ந்தால் இதை எடுத்து அவரிடம் கொடுக்க வேண்டும்.

ஐயா, அம்மணி, இத்தாள்களைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருக்கவும்.